கடலுக்குள் போய் வந்த தூண்கள்

பொட்சுவோலி, தேர்ரா மேடு
8 பிப்ரவரி 1970

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். ஜெர்மனியில் இன்னும் பனி விழுகிறதா? அம்மா பின்னிய கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள்கிறீர்களா, அல்லது பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? உண்மையைச் சொல்ல வேண்டும்.

போன கடிதத்தில் நீங்கள் எழுதியதைப் படித்து எனக்கு வெட்கமாகிவிட்டது. தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்யும் ஜெர்மன்காரர், "உங்க ஊர்ல ரோமானியர் கட்டினது நிறைய இருக்காமே, எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். "பழசா இருக்கும்" என்று சொன்னீர்களாம். அப்பா!

ஆகவே உங்களுக்காக ஒரு நடைவழி எழுதத் தொடங்கியிருக்கிறேன். வழிகாட்டி யாரும் வேண்டாம். இந்தக் காகிதம் கையில் இருந்தால் போதும். நான் நில் என்ற இடத்தில் நிற்க வேண்டும், பார் என்ற பக்கம் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் நீங்கள் விடுமுறைக்கு வரும்போது இருவரும் சேர்ந்து நடப்போம்.

முதல் இடம் நம் வீட்டு வாசல். இடது பக்கம் திரும்புங்கள். சந்து முடிகிற இடத்தில் எரிந்துபோன பேராலயம். நில்லுங்கள். நான் சின்னவளாக இருந்தபோது அது தீப்பற்றியதும், பூச்சு உதிர்ந்த சுவருக்குள்ளிருந்து ரோமானியக் கோயிலின் பளிங்குத் தூண்கள் வெளிப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை யோசித்தீர்களா? எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அங்கேதான். என் தலையில் தண்ணீர் விழுந்தபோது, பக்கத்துச் சுவருக்குள், இருட்டில், அந்தத் தூண்கள் நின்றுகொண்டிருந்திருக்கின்றன. பாட்டும் அழுகையும் எல்லாம் அவற்றுக்குக் கேட்டிருக்கும். இதை நினைத்துக்கொண்டு நேற்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா, "தூணை நெனச்சா வயிறு ரொம்பிடுமாடி? பாஸ்தா ஆறுது" என்றாள்.

அடுத்து மேட்டிலிருந்து இறங்கி வட்டரங்கத்துக்குப் போங்கள். மேலே இருக்கைகளைப் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள். நேராக நிலவறைக்கு இறங்குங்கள். கூரையில் சதுரம் சதுரமாகத் துளைகள் இருக்கும். ரோமானியர் சண்டைக் காட்சிகளுக்கு மிருகங்களை அந்த வழியாகத்தான் மேலே தூக்கினார்கள். ஒரு சதுரத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஆப்பிரிக்காவில் பிடிபட்ட ஒரு சிங்கம் கடைசியாக இதே இடத்தில் நின்று, இதே அளவு வானத்தைப் பார்த்திருக்கும். எனக்குக் கழுத்து வலித்தது. ஆனாலும் தலையைக் குனிய மனம் வரவில்லை.

மீதி அடுத்த கடிதத்தில். நிலம் மறுபடி உயர்கிறது என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். படகிலிருந்து கரைக்கு ஏற இப்போது ஏணி போடுகிறார்கள். கவலைப்படாதீர்கள்.

முத்தங்களுடன்
உங்கள் நுன்ஸியா


வோல்ஃப்ஸ்பூர்க்
22 பிப்ரவரி 1970

என் கண்ணு நுன்ஸியாவுக்கு,

காலுறை போட்டிருக்கிறேன். இதோ இப்போதுகூட.

உன் நடைவழியை எங்கள் அறையில் உரக்கப் படித்தேன். கட்டில்களுக்கு நடுவில் இடது பக்கம் திரும்பியும் பார்த்தேன். என்னோடு தங்கியிருக்கும் கலாப்ரியாக்காரன் துரீத்தோ படுத்தபடியே, "புரோக்கொலோ, உன் பொண்ணு ஒண்ணு வக்கீலாவா, இல்ல பிரசங்கியாவா. சிங்கத்துக்காக என்னையே அழ வச்சிட்டாளே!" என்றான். அந்த வட்டரங்கத்தின் வளைவுகளுக்கு அடியில் சின்ன வயதில் நாங்கள் ஆடு கட்டினோம். ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்தேனா? கோயிலைக் கடந்துபோகும் கழுதை மாதிரி இருந்திருக்கிறேன்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். குடும்பத்தோடு இருக்க எனக்கு இரண்டு அறை உள்ள வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூனில் உன் பள்ளி முடிந்ததும் நீங்கள் இருவரும் வந்துவிடலாம். உன் அம்மாவைக் கேட்டேன். "நுன்ஸியா சரின்னா வர்றேன். அவ மாட்டேன்னா நானும் மாட்டேன்" என்று எழுதிவிட்டாள். ஆக, முடிவு உன் கையில். ஏப்ரல் கடைசிக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

உன்னை ஆகஸ்டில் மட்டும்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ரயில் நிலையத்தில் கொஞ்சம் உயரமான, கொஞ்சம் அந்நியமான ஒரு பெண் நிற்கிறாள். அவளோடு பழகி முடிப்பதற்குள் திரும்பும் நாள் வந்துவிடுகிறது.

நன்றாக யோசி.

அப்பா


பொட்சுவோலி, பெரியம்மா வீடு
10 மார்ச் 1970

அன்புள்ள அப்பாவுக்கு,

செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் தேதி சிப்பாய்கள் வந்தார்கள். மேட்டில் இனி யாரும் இருக்கக்கூடாது, நிலம் உயர்ந்து வீடுகள் விரிசல் விடுகின்றன என்றார்கள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் ஒரே நாளில் இறங்கினோம். பக்கத்து வீட்டுத் தோன்னா ரஃபிலீனா தன் கோழியை மேலங்கிக்குள் ஒளித்து எடுத்து வந்தாள். "உள்ள என்னம்மா?" என்று ஒரு சிப்பாய் கேட்டான். "என் நெஞ்சுப் படபடப்புடா மவனே" என்றாள். கோழி கொக்கரித்துவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதிப் பேர் இந்த நாளின் தேதியையே அதிர்ஷ்ட எண்ணாக்கி லாட்டரியில் பணம் கட்டியும்விட்டார்கள்.

அம்மா வாசலைக் கூட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டினாள். சாவி அவள் கழுத்தில் இருக்கிறது. என் நடைவழியின் முதல் இடம் போய்விட்டது. மேட்டுக்குப் போகிற வழியில் தடுப்புக் கட்டை வைத்திருக்கிறார்கள்.

இருந்தாலும் மூன்றாவது இடத்தை எழுதுகிறேன். செராப்பேயோ. கம்பி வேலி ஓரமாக நில்லுங்கள். கீழே பள்ளத்தில் பழைய ரோமானியச் சந்தையின் மூன்று பெரிய தூண்கள். ஆள் உயரத்தைவிட மேலே, நடுவில் ஒரு பட்டை மட்டும் அரித்த மாதிரி துளைகளாக இருக்கிறதல்லவா? அவை கடலில் வாழும் சிப்பிகள் போட்ட துளைகள்! அப்படியென்றால் ஒரு காலத்தில் கடல் அவ்வளவு உயரத்துக்கு இங்கே நின்றிருக்கிறது. கடல் ஏறவில்லை, அப்பா. நிலம் இறங்கியிருக்கிறது. தூண்கள் நின்றபடியே பாதியளவு கடலுக்குள் போய், எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு நின்றபடியே மேலே வந்திருக்கின்றன. இதைப் புத்தகத்தில் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. நேரில் பார்த்தபோது வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் காலடி நிலம் மெதுவாக மூச்சு விடுவதுபோல இருந்தது.

நினைவிருக்கிறதா, அங்கே தேங்கிய தண்ணீரில் நீங்கள் எனக்காக வாதுமைக்கொட்டையின் பாதி ஓட்டைப் படகாக விட்டது? இப்போது தண்ணீர் வற்றுகிறது. தரை தெரிகிறது.

அந்தத் தூண்கள் இடம் விட்டு அசையவில்லை. நானும் அசைய மாட்டேன். ஜெர்மனிக்கு வர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள்தான் இங்கே திரும்பி வர வேண்டும்.

நுன்ஸியா


வோல்ஃப்ஸ்பூர்க்
25 மார்ச் 1970

நுன்ஸியா கண்ணு,

கோபம் இல்லை. உங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். வேலை செய்யும்போது மனதுக்குள் உன் நடைவழியில் நடப்பேன். நேற்று நம் வாசலில் இடது பக்கம் திரும்பப் போனேன். அங்கே வாசல் இல்லை என்பது நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது.

வீட்டைப் பற்றி இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. ஏப்ரல் இருக்கிறது.

துரீத்தோவுக்கு ஒரு சந்தேகம். எனக்குப் பதில் தெரியவில்லை. கடல் இறங்கிப் போனபோது, துளை போட்ட அந்தச் சிப்பிகள் எங்கே போயின?

அப்பா


பொட்சுவோலி
19 ஏப்ரல் 1970

அன்புள்ள அப்பாவுக்கு,

துரீத்தோ மாமாவின் கேள்விக்கு என் புத்தகத்திலும் பதில் இல்லை. அதனால் செராப்பேயோவுக்குப் போனேன். நிலத்தை அளப்பவர்கள் வந்திருந்ததால் கதவு திறந்திருந்தது. பள்ளத்துக்குள் இறங்கிவிட்டேன்.

"ஏய் பொண்ணு! எங்க எறங்குற?" என்று காவலாளி கத்தினார்.

"அப்பாவுக்குக் கடுதாசி எழுதணும்."

"கடுதாசிய தபால்பெட்டியில போடு. இங்க தூண்தான் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஜெர்மனியில என் அண்ணன் மவனும் இருக்கான். சரி போ. கண்ணால மட்டும் பாரு. கல்லு ஒண்ணு பையில போச்சு, நான் தொலைஞ்சேன்" என்றார்.

அப்பா, முன்பு தண்ணீர் நின்ற இடத்தில் நான் நடந்தேன்! உங்கள் வாதுமைப் படகு மிதந்ததற்குக் கீழே பளிங்குத் தரை இருந்திருக்கிறது. பாசியும் சேறும் ஒதுங்கிய இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. தூணின் அடியிலிருந்து மேலே பார்த்தேன். துளைப் பட்டை என் தலைக்கு வெகு மேலே இருந்தது. நான் அப்போது கடலின் அடியில் நின்றுகொண்டிருந்தேன். மீன்கள் நீந்திய இடத்தில் குருவி ஒன்று பறந்துபோனது.

பக்கத்தில் ஒரு தூணின் உடைந்த துண்டு கிடந்தது. அதிலும் துளைகள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். பெரும்பாலும் வெறுமை. ஒன்றுக்குள் மட்டும், ஆழத்தில், சிப்பி ஓடு அப்படியே இருந்தது. பேரீச்சம்பழ அளவு. அத்தனை காலமாக அங்கேயே.

அளக்க வந்தவர்களில் ஒரு அம்மா விளக்கினார்கள். குஞ்சாக இருக்கும்போதே அது கல்லைக் குடைந்து உள்ளே போகுமாம். உள்ளேயே பெரிதாகுமாம். வாசல் மட்டும் சிறியதாகவே இருந்துவிடுமாம். பிறகு வெளியே வர முடியாது. கடல் கிளம்பியபோது அது அலைச் சத்தம் தூரத்தில் போவதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே இருந்திருக்கும்.

அதை நான் தொடவில்லை. வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் என்னைத் தூண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தூண் இல்லை, அப்பா. நான் இன்னும் வாசல் வழியாக வெளியே வரக்கூடிய அளவில்தான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கழுத்துச் சாவியைத் தடவிக்கொண்டு, "அப்ப இன்னும் ரெண்டு ஜோடி காலுறை பின்னணும்" என்றாள்.

ஜூனில் வருகிறோம். ஆகஸ்டில் மூவரும் இங்கே வந்து, என் நடைவழியை நிலவறையிலிருந்து தொடங்கி முழுதாக நடக்க வேண்டும். அது நிபந்தனை. இன்னொன்றும் இருக்கிறது: உங்கள் ஊருக்கு எனக்கு ஒரு நடைவழி எழுதி அனுப்புங்கள். "புதுசா இருக்கும்" என்று மட்டும் எழுதினால் ரயில் ஏற மாட்டேன்.

முத்தங்களுடன்
நுன்ஸியா


வோல்ஃப்ஸ்பூர்க்
3 மே 1970

என் கண்ணு நுன்ஸியாவுக்கு,

ஏப்ரல் முடிவதற்குள் வீட்டுக்குச் சரி சொல்லிவிட்டேன்.

இது மாதிரி நான் எழுதியதில்லை. துரீத்தோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறான். பொறுத்துக்கொள்.

முதல் இடம் ரயில் நிலையம். இறங்கியதும் பெட்டியைக் கீழே வை. பின்னால் திரும்பு. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பார். நான்கு புகைபோக்கிகள். இத்தனை காலமாக அவற்றுக்குக் கீழேதான் வேலை செய்கிறேன். உனக்காகப் போன ஞாயிறுதான் முதல் முறையாக நின்று அண்ணாந்து பார்த்தேன். விடிகிற வெளிச்சத்தில் செங்கல் ரோஜா நிறமாகிறது. எனக்கும் கழுத்து வலித்தது.

பிறகு நகரத்துப் பக்கம் நேராக நட. லிண்டன் மரங்கள் வரும். நீ வரும்போது பூத்திருக்கும், நில், மோந்து பார். ரொட்டிக் கடை தாண்டியதும் இடது பக்கம் திரும்பு. இங்கேயும் இடதுதான். சாம்பல் நிற வீடுகளில் மூன்றாவதில் ஒரு பச்சைக் கதவு.

அதுதான் கடைசி இடம். கதவைத் தட்டாதே. நான் வெளியே நிற்பேன்.

அப்பா