உன்னிடம் கேட்காமல் விட்டது

டர்பன் துறைமுகம்

அன்பு ஸ்டெபிக்கு,

நீயும் மகள் அனிஷாவும் சுகம்தானே? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பயப்படும்படி ஒன்றுமில்லை. இரண்டு மாதமாக எனக்கு ஒரே அசதி. ஆறு கிலோ கூடிவிட்டேன். "ஏலே டெரன்ஸ், கப்பலே ஒரு பக்கமா சாயுதுல" என்று சமையல்கார டிக்சன் எல்லார் முன்னாலும் சிரித்தான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கரையில் ரத்தம் பரிசோதித்த டாக்டர், தைராய்டு குறைவு என்றார். உனக்கு இருக்கும் அதே நோய்தான். தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. எடை மெதுவாகத்தான் இறங்குமாம். அவசரப்பட்டுக் கூடுதலாகப் போட்டால் இதயத்துக்கு ஆபத்தாம்.

அனிஷா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று போட்டோ எடுக்கும்போது, "ஏளா, பின்னால போயி நில்லு. தின்னு தின்னு ஊதிட்ட" என்றேனே. நீ ஒருநாளும் மாத்திரையைத் தவறவிட்டதில்லை. தினமும் கடற்கரையில் நடந்தாய். உன்னைப் போய்ச் சோம்பேறி என்றும் சொல்லியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

முத்தையாபுரம் பொன்னுதுரை அண்ணாச்சி அடுத்த மாதம் எங்கள் கப்பலுக்கு வருகிறார். அவரிடம் பெரிய அளவில் இரண்டு சட்டை கொடுத்தனுப்பு. உனக்கு இந்த நோய் வந்த முதல் மாதங்களின் அசதியை நீ எப்படித் தாங்கினாய் என்றும் எழுது. அப்போது நான் கேட்கவே இல்லை.

கப்பல் கிளம்பப் போகிறது.

உன்
டெரன்ஸ்