சத்தம் வெளியே போகாத ஹெட்போன்

நவம்பர் 24, ஞாயிறு

இன்றைக்கும் மழை. விளக்கு வைத்துக் கும்பிட்டேன். முருகா, நல்லம்மாவைப் பேச வை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை அவள் புருசன் ராசையா அண்ணனை அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து அவள் வாயில் ஒரு சொல் இல்லை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். தேயிலைத் தோட்டத்து லயம் அல்லவா, வரிசை வீடு முழுக்க ஒரே தகரக் கூரை. நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து "நூறு!" என்று சத்தம் வரும். நேற்று வேண்டுமென்றே தும்மிப் பார்த்தேன். வரவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

போன மார்கழியில் மகள் ஜீவராணி என் போனில் பஜனையைப் பதிந்து வைத்துவிட்டுத்தான் கொழும்புக்கு, கார்மெண்ட் வேலைக்குப் போனாள். ராசையா அண்ணன் கட்டிய முருகன் பாட்டு. ஆர்மோனியமும் அவர்தான். ஓர் அடி நான், அடுத்த அடி நல்லம்மா. கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த காலத்திலிருந்து அப்படித்தான் பாடுகிறோம்.

அவள் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஆள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறாள். ஆனால் குரல் போனுக்குள் அல்லவா இருக்கிறது?

போடவும் முடியாது. சாவு விழுந்த லயத்தில் கருமாதி முடியும்வரை பாட்டுப் போடக் கூடாது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

ஜீவராணி விட்டுப்போன வயரைக் காதில் செருகிக் கேட்டேன். ஒரு பக்கம் காதிலிருந்து விழுந்துகொண்டே இருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். மறு பக்கத்து வீட்டு சதீஸ்குமார் பொண்டாட்டி கதவில் வந்து நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுல சுண்டெலி கத்துது."

"சுண்டெலி இல்லடி, முருகன் பாட்டு."

"முருகனா இருந்தாலும் கருமாதி முடியட்டும்க்கா."

வெட்கமாகப் போய்விட்டது. ஜீவராணியிடம் போனில் சொன்னேன். "அம்மா, காதை முழுசா மூடுற மாதிரி பெரிய ஹெட்போன் இருக்கு. பின்பக்கமும் மூடி இருக்கணும், ஓட்டை இருந்தா சத்தம் வெளிய வரும். வெல பாத்து வாங்குங்க, ஏமாந்துடாதீங்க" என்றாள். நான் ஏமாறுகிற ஆளா?

டிசம்பர் 1, ஞாயிறு

பதுளைக்குப் போய் வந்தேன். ஹாலிஎலயில் பஸ் ஏறும்போதே கால் வலி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவுக்கும் என் கதை முழுவதும் தெரியும் இப்போது.

பஜார் வீதியில் ரிப்கான் தம்பியின் போன் கடை. என் போனுக்குக் கண்ணாடி ஒட்டியதும் அவர்தான்.

"வாங்க அக்கா. ஹெட்போனா? யாருக்கு, மகளுக்கா?"

"ஏன், எனக்குக் காது இல்லையா?"

சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார். முதலாவது அழகாக இருந்தது, பஞ்சு வைத்து. நான் போடவில்லை. "தம்பி, நீங்க போடுங்க" என்றேன். என் போனில் பாட்டைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அவர் தலைக்குப் பக்கத்தில் என் காதைக் கொண்டுபோனேன்.

"என்னக்கா செய்றீங்க? எல்லாரும் உள்ளுக்க எப்படி கேக்குதுன்னு பாப்பாங்க. நீங்க வெளிய நிண்டு பாக்குறீங்க!"

"எனக்கு வெளியதான் முக்கியம். இதுல ஆர்மோனியமே வெளிய வருது. வேணாம்."

திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை. ஜீவராணி சொன்னது சரி.

இரண்டாவதில் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. விலையைச் சொன்னார். அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளிவிட்டேன். மூன்றாவது கைக்கு எட்டுகிற விலைதான். அதிலும் சத்தம் வெளியே வரவில்லை. பிறகு நான் போட்டுப் பார்த்தேன். தோடு அழுத்தியது, கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆனால் உள்ளே ஒரே திம் திம். நல்லம்மா கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தாள்.

"இதுல பேஸ் கூடுதல் அக்கா. இப்ப உள்ளவங்களுக்கு அதுதான் விருப்பம்."

"எனக்கு மத்தளம் வேணாம் தம்பி, மனுசி வேணும்."

நாலாவதைப் பழைய பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். கறுப்பு, நிறம் கொஞ்சம் மங்கியது, மடித்துப் பையில் போடலாம். பேரே கேள்விப்படாத கம்பனி. "இதுல பேஸ் கொறவு, அதால ஒருத்தரும் எடுக்கல்ல. குரல் நல்லா கேக்கும். ஆனா சார்ஜ் நிறைய நேரம் நிக்காது. முடியப் போகக்குள்ள அதுவே சொல்லும்."

போட்டேன். கடை மறைந்தது, பஸ் ஹோர்ன் மறைந்தது. நல்லம்மா என் காதுக்குள் வந்து நின்றாள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

ரிப்கான் தம்பி டிசூ கடதாசி எடுத்து நீட்டினார். நான் அழுததே எனக்கு அப்போதுதான் தெரியும். விலையையும் குறைத்துக்கொண்டார். அல்லா அவரை நல்லா வைக்கட்டும்.

டிசம்பர் 2, திங்கள்

எடுத்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, கைகால் கழுவி, சாமிக்கு விளக்கு வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். யாருக்கும் கேட்காது, யாருக்கும் தொந்தரவு இல்லை. எவ்வளவு நல்ல சாமான்!

டிசம்பர் 3, செவ்வாய்

ஐயோ முருகா. நான் என்னா பண்ணிட்டேன்.

காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சதீஸ்குமார் பொண்டாட்டி: "ஏங்க்கா, நேத்து சாயங்காலம் கோயில்ல பாடுற மாதிரி அப்புடி பாடுனீங்களே. சாவு வீட்டுக்குப் பக்கத்துல."

"நான் எங்கடி பாடுனேன்? ஹெட்போனுல கேட்டேன். சத்தமே வெளிய வராது."

"ஹெட்போன் பாடலக்கா. நீங்க பாடுனீங்க. லயம் முழுக்க கேட்டுச்சு."

கடையில் அவர் தலையில் மாட்டிச் சோதித்தேனே, என் தலையில் மாட்டினால் என் வாய் என்ன செய்யும் என்று யோசித்தேனா? இத்தனை வருசம் பாடின அடி, பாட்டு வந்தா வாயும் வந்துருது. காதை மூடிக்கிட்டா என் சத்தம் எனக்கே தெரியல. என்ன சென்மம் நான்! நல்லம்மா என்னைப் பத்தி என்னா நெனைப்பா?

மாலையில் நல்லம்மா வீட்டுக்குப் போனேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். வேண்டாததையும் சொன்னேன். நிமிரவே இல்லை. எழுந்து வாசலுக்கு வரும்போது முதுகுக்குப் பின்னால் குரல், வறண்டுபோய்:

"ஏன் விட்டு விட்டுப் பாடுன?"

வாயாடி நான். அப்படியே வந்துவிட்டேன்.

விட்டுப்போன அடியெல்லாம் அவளுடையது. எனக்கு ஹெட்போனுக்குள் கேட்டது. அவளுக்கு? என் அடி, பிறகு ஒன்றுமில்லை. என் அடி, பிறகு ஒன்றுமில்லை. அவள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை.

ஹெட்போனைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

கருமாதி முடிந்தது. வந்தவர்களுக்குச் சோறு பரிமாறினேன். நல்லம்மா என் கையைப் பிடித்து ஒரு நிமிசம் வைத்திருந்தாள்.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்தது. பனியில் லயம் லயமாகப் பாடிப் போனோம். வருசம் திரும்பும்வரை நல்லம்மா வர முடியாது. ராசையா அண்ணன் பாட்டை நான் ஆரம்பித்தேன். இரண்டாவது அடியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கோயில் தலைவர் "வேற பாட்டுக்குப் போவோம்" என்றார். அதுவும் நல்லதுதான்.

எங்கள் லயத்துக்கு வந்தபோது அவள் கதவு சாத்தியிருந்தது. கீழே இடுக்கில் வெளிச்சம் இருந்தது.

டிசம்பர் 19, வியாழன்

பொறுக்க முடியவில்லை. இன்று மாலை பெட்டியைத் திறந்து ஹெட்போனைப் போட்டேன். கருமாதிதான் முடிந்ததே. வாய் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொழுந்தெடுத்த கையாலே கும்பிட வந்தேன் — இது நான்.
கூடை எறக்கி வச்சேன் குமரா பாரு — இது காதுக்குள் அவள்.

அதற்குள் யாரோ வெள்ளைக்காரி உள்ளே ஏதோ சொன்னாள், டொக்கென்று எல்லாம் நின்றுபோனது. சார்ஜ் முடிந்துவிட்டது. கண்ணை மூடியிருந்தேன். என் வாய் நிற்கவில்லை.

பனி மூடும் பாதையிலே பாத்து வந்தேன் —

அடுத்த அடி வந்தது. எங்கேயோ தூரத்திலிருந்து, மெல்லமாக. அப்போதும் ஹெட்போன்தான் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. கழற்றினேன். பலகைக்கு அந்தப் பக்கம், சுருதி கொஞ்சம் விலகி:

பக்கத்துல நீயிருக்க பயமே ஏது.

ராசையா அண்ணன் ஆர்மோனியம் இல்லை. ஓட்டை இல்லை. முடிகிறவரை இரண்டு பேரும் பாடினோம். முடிந்த பிறகு நான் தும்மினேன். சத்தியமாக, பனிக்குத்தான் தும்மினேன்.

"நூறு" என்றாள்.

டிசம்பர் 20, வெள்ளி

கோயிலுக்குப் போய் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன். ஹெட்போனுக்கு இன்னும் சார்ஜ் போடவில்லை.