கோதுமை ஏற்காத வயிறு

ராயபுரம், 12-8-1946

மரியாதைக்குரிய உம்மாவுக்கு மகன் மீரானின் ஸலாம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

இங்கே ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமை தருகிறார்கள். அதைத் தின்றால் வயிற்றில் எதுவும் தங்குவதில்லை. இரண்டு மாதம் ஹகீமின் லேகியம் சாப்பிட்டேன், பிறகு சித்த வைத்தியரின் சூரணம். இரண்டும் கேட்கவில்லை. மறுபடி போனபோது ஹகீம், "கோதுமைய வுட்டுடு தம்பி, மருந்தே வாணாம்" என்றார்.

"விட்டுட்டு எதைத் திங்கிறது?" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நேற்று துறைமுகத்தில் மூட்டையோடு சாய்ந்துவிட்டேன். அடி ஏதுமில்லை, பயப்படாதீர்கள். மேஸ்திரி நல்லவர், நிழலில் உட்கார வைத்தார். இன்று என் இடத்தில் வேறு ஆள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த அரிசிமாவு கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பெண் வீட்டாரிடம் என் போட்டோவைக் காட்ட வேண்டாம், உம்மா. நேரில் பார்த்தால் வேறு ஆள் என்பார்கள்.

உங்கள் துஆவை நம்பும்,
மீரான்