கெலாவின் கல்யாண மது

அன்புள்ள அம்மாவுக்கு, மால்காஸ் வணங்கி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

ராச்சா மலையில் சாலைவேலை இல்லாத ஞாயிறன்று, உச்சியில் திராட்சை மது தயாரிக்கும் அம்ப்ரோசி வீட்டுக்குப் போனேன். இரண்டு வருடமாக ஆலங்கட்டி மழையில் தோட்டம் நாசம். விருந்தாளிக்கு ஊற்ற ஒன்றுமில்லையே என்று, மகன் கெலாவின் கல்யாணத்துக்காக மண்ணில் புதைத்திருந்த மதுத் தாழியைத் திறக்கப் போனார்.

“ஐயோ, அது கெலாவுக்கு வச்சதுங்க!” என்று மனைவி சியாலா தடுத்தார்.

“உன் பிள்ளைக்குப் போலந்துல கல்யாணமே முடிஞ்சுபோச்சுடி. போன்லதானே சொன்னான்? இனி யாருக்கு?”

மூவருக்கும் ஊற்றி, “அவன் நல்லா இருக்கட்டும்” என்றார். மது காடியாகப் புளித்திருந்தது. ஆனாலும் மூவரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கம்பளிக் காலுறை வேண்டும். தபாலில் வேண்டாம், முட்டிவலி குறைந்திருந்தால் நீங்களே கொண்டுவர முடியுமா? உங்களைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. கடிதத்தைக் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது.

மால்காஸ்