பாப்பா பிடித்த கை

செவ்வாய், இரவு பதினொன்றரை

ஆண்டவரே, இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னியும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

சாயங்காலம் தேவிகுளத்தில் வேலை முடிந்து ஜீப்பில் வந்து இறங்கினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறும் பாதையில், பக்கத்து வீட்டு ரோஸ்லி அக்காவிடம் விட்டுப்போன என் ஐந்து வயதுப் பாப்பா, யாரோ ஒரு ஆளோடு கைகோத்து நடந்துகொண்டிருந்தாள். எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த வடக்கத்தி ஆள் போல. தொப்பலாக நனைந்திருந்தார்.

"அம்மா, இயேசப்பா நனைஞ்சிட்டாரு. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் பாப்பாவைப் பிடுங்கி, அவரைக் கத்தி விரட்டினேன். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டியபடி அவர் பின்னால் நகர்ந்து, மழையிலேயே இறங்கிப் போனார். பாப்பாவையும் அடித்துவிட்டேன்.

ரோஸ்லி அக்கா ஓடி வந்தார். "ஏட்டி, வாரவுக எல்லாரும் இயேசுதான்னு சண்டே கிளாஸ்ல சொன்னவ நீதான? இப்ப பிள்ளய அடிக்க?"

"அப்ப அவரு இயேசப்பா இல்லையா?" என்று பாப்பா அழுதாள்.

"இல்ல" என்றேன்.

அவர் கையைப் பாப்பா பிடித்திருந்தாளா, பாப்பாவின் கையை அவர் பிடித்திருந்தாரா? எத்தனை முறை யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. முதலாவது என்றால் நான் விரட்டியது உம்மை. இரண்டாவது என்றால்... அதை எழுத முடியவில்லை.

காலையில் எட்டு மணிக்கு அவள் தனியாக ஸ்கூல் ஜீப்புக்கு நிற்பாள். அதற்குள் அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். என்ன சொல்ல? சீக்கிரம் பதில் தாரும்.