கடன் வேண்டாம் என்று தூக்கிய கை

தோர்ன்பெக்
9 மார்ச் 1893

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். பள்ளியில் வேலை அதிகம், அவ்வளவுதான்.

மலை ஏரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர நகரசபை கடன் வாங்கலாமா என்று, போன ஆண்டு வரி கட்டுகிறவர்களைக் கூட்டிக் கேட்டார்கள். எனக்கும் ஓட்டு உண்டு. எழுந்து, "அறுபது வருஷக் கடனை யாருங்க அடைப்பாங்க? இன்னும் பொறக்காத பிள்ளைங்களா?" என்றேன். பலத்த கைதட்டல். திட்டம் தோற்றது. உங்களுக்குப் பெருமையாக எழுதியிருந்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் தெருக் கிணற்றுத் தண்ணீரால் காய்ச்சல் பரவியது. பயப்படாதீர்கள், நான் காய்ச்சித்தான் குடிக்கிறேன். பக்கத்து வீட்டுச் சிறுமி நெல்லிக்கும் வந்தது. எட்டு வயது. இப்போது எழுந்து உட்காருகிறாள், காதுதான் கேட்கவில்லை. என் கேள்வி தவறென்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கிணற்றைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

அவளுக்கு உங்கள் பிளம் ஜாம் ஒரு ஜாடி அனுப்புங்கள். எனக்குக் கம்பளிக் காலுறை. கடிதம் சற்று நீளமாக இருக்கட்டும், கோழிகளைப் பற்றியாவது எழுதுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அதே கடனைப் பற்றி மறுபடியும் கூட்டம். நெல்லியின் அம்மா மிஸஸ் அக்ராய்ட் விதவை, வரியை அவளே கட்டுவதால் அவளுக்கும் ஓட்டு உண்டு. இன்று காலையில் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாள்:

"போன தடவை, நீங்க படிச்சவங்களாச்சேன்னு உங்களைப் பார்த்துத்தான் கை தூக்கினேன் டீச்சரம்மா. இந்தத் தடவை எதுக்குத் தூக்கட்டும்?"

"கடன் வேணும்னு தூக்குங்க."

"சரிங்க" என்றாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

தபால்காரர் வந்துவிட்டார், நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்,
ஹாரியட்