பார்க்காமல் குத்திய முத்திரை

பாய்,

முத்தாபுதுப்பேட்டையில் ஓர் ஆட்டுப்பண்ணைக்குத் தடுப்பூசி போட இன்று காலை போயிருந்தேன். மழையில் நனைந்த கோணிச் சாக்குகளைக் கொட்டகை ஓரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கையில் ஊசியோடு அப்படியே நின்றுவிட்டேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

பூந்தமல்லிப் பக்கத்து ஆடுதொட்டிக்கு நான் கால்நடை மருத்துவராக வந்த புதிது உங்களுக்கு நினைவிருக்கும். தொட்டியில் வெட்டுவதற்கு முன் ஒவ்வோர் ஆட்டையும் உயிரோடு பார்த்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே இறைச்சியில் முத்திரை குத்த வேண்டும். அதுதான் என் வேலை. நானோ உள்ளே வரவே இல்லை. ரத்தம் எனக்குப் புதிதல்ல. ஆனால் வரிசையில் நிற்கிற ஆடுகளைப் பார்க்க மனம் வரவில்லை. வாசல் அறையில் உட்கார்ந்தபடி, உரித்துக் கொண்டுவந்ததில் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள்தான் வந்து கேட்டீர்கள்.

“டாக்டரம்மா, உசிரோட பாக்காமயே சீல் குத்திகினு கீறீங்களே? என் புள்ளைங்களும் இந்தக் கறியத்தான் துன்னுது.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆடு அறுக்கிறவர் எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாரா என்றுகூட நினைத்தேன். மறுநாள் அந்தக் கோபத்தோடுதான் உள்ளே வந்தேன்.

அறுக்கிற இடத்துக்கும் ஆடுகள் நிற்கிற இடத்துக்கும் நடுவே, சாக்குகளைத் தைத்து நீங்களே ஒரு படுதா கட்டியிருந்தீர்கள். தினமும் அலசிப் போடுவதால் அது எப்போதும் ஈரமாகவே இருந்தது. “ஒண்ண அறுக்கறத இன்னொண்ணு பாக்கக் கூடாது. கத்தி தீட்டறதக்கூட அதுங்களுக்குக் காட்டக் கூடாது. எங்க மார்க்கத்துல சொல்லிக்கீது” என்றீர்கள். நான் வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்காவது ஆட்டின் வயிற்றில் கை வைத்ததும் உள்ளே குட்டி அசைந்தது. “சினை” என்றேன். நீங்கள் மறுபேச்சில்லாமல் கயிற்றை அவிழ்த்தீர்கள். வியாபாரி சண்டைக்கு வந்தார். “டாக்டரு சொல்லியாச்சுப்பா” என்று கயிற்றை அவர் கையில் திணித்தீர்கள். அந்த மூன்று மாதத்தில் இப்படி எத்தனை போயிருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே கணக்குப் போட்டு முடியாமல் நின்றேன்.

பிறகு அந்த வீடியோ வந்தது. கால் ஒடிந்த ஓர் ஆட்டை லாரியிலிருந்து காதைப் பிடித்து இழுத்துப் போடுவதை யாரோ நம் தொட்டிச் சுவர்மேல் ஏறி எடுத்திருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. சுவரை உயர்த்துங்கள், கேட்டுக்குத் தகரம் அடியுங்கள் என்று அதிகாரிகள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினோம். நீங்கள் எழுந்தீர்கள்.

“ஆட்டுக்குத்தான் மறைக்கணும் சார். மனுசனுக்கு இன்னாத்துக்கு? கேட்டத் தொறந்து வுடுங்க. துன்றவன் வந்து பாக்கட்டும்.”

“பொழப்புல மண்ணப் போடாத பாய்” என்று கூட இருந்த மற்றக் கறிக்கடைக்காரர்கள் கத்தினார்கள். நீங்கள் உட்காரவே இல்லை. கடைசியில் வாரம் ஒருநாள் திறப்பது என்று முடிவானது. முதல் ஆளாக வந்தவர் உங்கள் கறிக்கடையின் பழைய வாடிக்கைக்காரர். நின்று பார்த்தார், போனார், அதன் பிறகு கறியே வாங்கவில்லை. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. “அவரு பாத்துட்டு முடிவு பண்ணாரு. அது போதும்” என்றீர்கள். லாரிக்காரர்களும் மாறினார்கள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்றதும் பலகை சாய்த்து ஆடுகளை நடத்தி இறக்கினார்கள்.

வீடியோ பற்றி விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம் கேட்டார்: “நீங்க சேர்ந்த நாள்லேருந்து எல்லா ஆட்டையும் உயிரோட பரிசோதிச்சீங்களா?” பதிவேட்டில் ஒருநாள் விடாமல் என் கையெழுத்து இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். “இல்ல சார்” என்றேன். அதை எழுதியும் கொடுத்தேன்.

தென்கோடி மாவட்டத்துக்கு மாற்றினார்கள். கிளம்பிய அன்று பேருந்து நிறுத்தம்வரை கூடவே வந்தீர்கள். “நான் கேட்டதாலதான இவ்ளோ ஆயிப்போச்சு” என்றீர்கள். இல்லை பாய் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. அங்கே போய்ச் சேர்ந்து போனில் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன செய்தியை உங்கள் மகள் போனில் சொன்னபோது, எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உங்களுக்கு அந்தப் பதிலை நான் சொல்லவே இல்லை.

இப்போது திரும்ப இந்தப் பக்கமே வந்துவிட்டேன். எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலும் கொஞ்சம் நிறுத்தி, பார்த்தாயா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது போல, அவ்வளவு பிரியத்தோடு, எனக்குக் கேட்க வரவில்லை, பாய்.